கைதட்டல் விழாத கேசட்

பக்கத்துக் கடைக்காரர் பெரிய டிவி ஒன்று வாங்கியிருக்கிறார். நேற்றுப் பகல் அதில் ஏதோ வெளிநாட்டுக் கச்சேரி. ஒரு பாட்டு முடிந்ததும் கூட்டம் கைதட்டியது பார், என் கடைக் கண்ணாடி அலமாரியே அதிர்ந்தது. வேறு நாளாக இருந்தால் முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போயிருப்பேன். நேற்று நாற்காலியை வாசல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இந்தச் சத்தத்துக்காகத்தானே தம்பி நீ அந்தப் பாடு பட்டாய்?

உன் மகன் போன மாதம் தெமோதரையிலிருந்து பஸ் ஏறி வந்து, நீ கண்ணை மூடிவிட்டதை என்னிடம் நேரில் சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து மனதுக்குள் உன்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். பாதிப் பேச்சு சண்டைதான், அதை நீ எதிர்பார்த்திருப்பாய்.

எழுபதுகளின் கடைசி அது. பதுளை பஜாரில் ரேடியோ திருத்துவதும் கேசட் பிரதி எடுத்து விற்பதும் என் தொழில். உனக்குத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இஸ்திரி போட்ட பெல்பொட்டம் காற்சட்டையும் தோளில் கிதாருமாக என் கடையில் வந்து இறங்குவாய். தோட்டத்துக் கூட்டாளிகளைச் சேர்த்து ஒரு பொப் இசைக் குழு வைத்திருந்தாய். இரண்டு கிதார், ஒரு பொங்கோ, இழைப்பு வந்தவர் மூச்சு விடுவதுபோல ஒரு அக்கோடியன். பாட்டுகள் எல்லாம் நீயே கட்டியவை. குரல் மட்டும், சும்மா சொல்லக்கூடாது, அல்லாஹ் கொடுத்த குரல். எங்கள் ஆட்கள் அண்ணனை அழைப்பதுபோல நீயும் என்னை நானா என்றுதான் கூப்பிடுவாய்.

"பொப் பாட்டுன்னா கொழும்பு ஆளுகதான் பாடணுமா நானா? ஒரு நாளைக்கு என் குரலு ரேடியோவுல வரணும். எங்க தோட்டத்துப் பேரையும் சேத்துச் சொல்லணும்" என்பாய். உனக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

என் கடையில் ஒரு வெளிநாட்டுக் குழுவின் மேடைக் கச்சேரி இசைத்தட்டு கிடந்தது. அதை நீ போட்டுப் போட்டுத் தேய்த்தே விட்டாய். பாட்டைவிட, பாட்டுக்குப் பிறகு வரும் கைதட்டலுக்காகத்தான் காத்திருப்பாய். "நம்ம கேசட்டுலயும் இந்தச் சத்தம் வேணும். கூட்டத்துக்கு முன்னால பாடித்தான் பதியணும்" என்று ஒற்றைக்காலில் நின்றாய். உங்கள் தோட்டத்து அம்மன் கோயில் திருவிழாவில் உங்கள் கச்சேரி என்று முடிவானது. பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு நான் வந்தேன். மைக்கை மேடைப் பக்கம் வைக்கப் போனால் நீ பிடுங்கினாய். "என் பாட்டு ஸ்பீக்கர்ல எப்படியும் விழும் நானா. கைதட்டல்தான் நல்லா விழணும்" என்று சொல்லி, பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டாய்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த உனக்கே ஒன்று மறந்துபோயிற்று. உங்கள் ஆட்கள் பாட்டுக்குக் கைதட்டுவதில்லை. கைதட்டுவது தோட்டத்தை நடத்தும் தொரை பேசி முடித்ததும் செய்யவேண்டிய வேலை. பாட்டு பிடித்துவிட்டால் அவர்கள் பேசுவார்கள். பிடித்த அளவுக்குச் சத்தமாகப் பேசுவார்கள். அன்றைக்கு உன் பாட்டு ரொம்பவே பிடித்துவிட்டது.

மறுநாள் கடையில் போட்டுக் கேட்டோம். உன் குரல் தெளிவாகத்தான் இருந்தது. அதன் மேலேயே, "ஏய், அந்தப் புள்ளய இங்கிட்டுத் தூக்கியா", "நாளைக்கு எந்த மலையில கொழுந்து?", "பய ரொம்ப மெலிஞ்சுட்டான்டி, சோறு திங்கிறானா இல்லையா" என்று உன்னைப் பற்றிய விசாரணையும். கைதட்டல் மருந்துக்கும் இல்லை. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன்.

ஆனாலும் வெளியிட்டோம். ரேடியோவுக்கு அனுப்பியது, சந்தைக்குள் உட்கார்ந்து பாடியது போலிருக்கிறது என்று திரும்பி வந்தது. டவுன் பையன்கள் வீதியில் உன்னைக் கண்டால் "கொழுந்து எந்த மலையில?" என்று கேட்டார்கள். நீ கடைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாய்.

நீ வராத அந்த நாட்களில்தான் விற்பனை ஏறியது. லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்துகூட வந்தார்கள். "மொதலாளி, எங்க ஆளுக பேசுற கேசட்டு இருக்காமே, அது ஒண்ணு குடுங்க." இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகப் பெயர் வந்து, சொந்தமெல்லாம் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்துகொண்டிருந்த காலம் அது. போகிறவர்கள் தட்டுமுட்டுச் சாமானோடு அதையும் கட்டிக்கொண்டு போனார்கள். உன்னைத் தேடி வந்து இதைச் சொன்னேன். நீ சந்தோஷப்படவில்லை. "அப்ப என் பாட்ட யாருமே கேக்கலையா நானா?" என்றாய்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மனம் இறங்கிக் கடைக்கு வந்தாய். நீ தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது வேறு தோட்டத்து அம்மா ஒருத்தி உள்ளே வந்தாள், ராமாயி என்று பெயர். நீ யாரென்று அவளுக்குத் தெரியாது. நாலாவது பாட்டைப் போடச் சொன்னாள். உன் மழைப் பாட்டு. இரண்டாவது சரணத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே, "சும்மா இருங்கடி, புள்ள பாட்ட மறந்துறப் போகுது" என்கிறாள். ராமாயியின் அக்கா அது. திருவிழா முடிந்த கையோடு தலைமன்னார்க் கப்பல் ஏறிவிட்டாள். பிறகு ஒரு தகவலும் இல்லையாம்.

ராமாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "பாடுறவரு நல்ல மனுசன் மொதலாளி. எங்கக்கா பேசுறப்ப மட்டும் கொரல எறக்கிப் பாடுறாரு பாருங்க."

அந்த இடத்தில் உனக்கு வரி மறந்துபோய் வாய்க்குள் முனகினாய் என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் உன்னைப் பார்த்தேன். நீ கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

கேசட் விற்பதைக் கேள்விப்பட்டோ என்னவோ, அடுத்த சில மாதத்தில் கொழும்பு ரேடியோவிலிருந்து செய்தி வந்தது. குரல் நன்றாக இருக்கிறது, கூட்டம் இல்லாமல் ஸ்டூடியோவில் வந்து மழைப் பாட்டைப் பாடினால் ஒலிபரப்பலாம் என்றார்கள். என் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு ரயில் ஏறினாய். பாட்டு வந்த பகலில் என் கடைக்குள் நிற்க இடமில்லை. ராமாயியும் வந்திருந்தாள். உன் பெயரும் தோட்டத்தின் பெயரும் ரேடியோவில் வந்தன. குரல் கண்ணாடி போல இருந்தது. இரண்டாவது சரணம் வந்தது, உன் குரல் இறங்கியது. ஏறக்குறைய முணுமுணுப்பு. மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ராமாயி ரேடியோவிடம் மெல்லச் சொன்னாள்: "சும்மா இருங்கடி, புள்ள பாட்ட மறந்துறப் போகுது."

எல்லாரும் போன பிறகு, "அங்கயும் மறந்துட்டியா தம்பி?" என்று கேட்டேன்.

"இல்ல நானா. அந்த எடத்துல கொரலு விழுதுன்னு சொல்லித் திரும்பத் திரும்பப் பாட வச்சாங்க. நானும் திரும்பத் திரும்ப அப்படியேதான் பாடுனேன். அங்க அந்தம்மா பேசுவாங்கள்ல."

ரேடியோவில் அதற்குப் பிறகு உன் பாட்டைப் போடவில்லை. உன்னைக் கூப்பிடவும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கிடைக்காத ஒன்று கிடைத்தும், யாரோ ஒரு பெண்ணின் அக்காவுக்காக விட்டாயே என்று உன்னை மடையன் என்று திட்டினேன். நீ சிரித்தாய். அந்தக் கோபம் எப்போது தீர்ந்தது என்று எனக்கே தெரியாது.

கடையில் இப்போதும் நாள் முழுக்கப் பாட்டு ஓடுகிறது. பாட்டின் நடுவே யாராவது பேசத் தொடங்கினால், மற்றவர்கள் அவரைத்தான் அடக்குவார்கள். என் கை மட்டும் தானாகப் போய்ப் பாட்டின் சத்தத்தைக் குறைக்கிறது.