எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகம்

கீழ் போர்ஷனில் குடியிருக்கும் பெண் இன்று காலை தன் மகளின் புதுப் புத்தகங்களைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். "உங்க கையால அட்டை போட்டாதாங்கம்மா மடிப்பு நேரா நிக்குது" என்று ஐஸ் வேறு வைத்தாள். பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகிறது. மைதாப் பசையைக் கிண்டி இறக்கி, பிரவுன் தாளை விரித்ததும் அந்த வாசனை கூடம் முழுக்க வந்துவிட்டது. இரண்டு புத்தகத்துக்கு அட்டை போட்டேன். மூன்றாவது, எட்டாம் வகுப்பு அறிவியல். அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. நீங்கள் இருக்கும்போதே நான் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். தள்ளிப்போடுவதில் நான் கெட்டிக்காரி என்று நீங்களே சொல்வீர்கள். எதைத் தள்ளிப்போட்டேன் என்பதுதான் உங்களுக்குத் தெரியாது.

வளர்மதி மூன்றாவது படித்த வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். காலையில் பள்ளிக்கூட ஆட்டோ தெருமுனையில் ஹாரன் அடித்தால் போதும், நம் மகள் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்துவிடுவாள். வீட்டுப்பாடம் எழுதாததற்கு வெயிலில் முட்டி போட வைத்தார்கள் என்பது நமக்குப் பிறகுதான் தெரிந்தது. நீங்கள் யாரிடமும் போய்ச் சண்டை போடவில்லை. சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டே, "நாளையிலேர்ந்து இவ எங்கயும் போவ வேணாம். வீட்டுலயே படிக்கட்டும்" என்றீர்கள்.

"யாரு சொல்லிக் குடுப்பாங்க?"

"நாமதான்."

அந்த 'நாம' யார் என்று மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் சைக்கிளில் ஏறி வேங்கிக்கால் ஆபீசுக்குப் போய்விட்டீர்கள். நானும் ஒரு எட்டு வயசுப் பெண்ணும் ஒரு சிலேட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நான் படித்தது பிளஸ் டூ. அதுவும் கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸ்.

நீங்கள் போட்ட டைம்டேபிள் சுவரில் ஒட்டியிருந்தது. ஒன்பதிலிருந்து பத்து கணக்கு. பத்திலிருந்து பதினொன்று தமிழ். பதினொன்றுக்கு 'வீட்டு வேலை, கணக்குடன்' என்று எழுதி அடியில் கோடு வேறு போட்டிருந்தீர்கள். நாலு ஆழாக்கு அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து என்றால் ஆறு ஆழாக்குக்கு எவ்வளவு என்று அவள் விரல் விட்டுக்கொண்டிருப்பாள். அவள் கண்டுபிடித்து, களைந்து, ஊறப்போடுவதற்குள் நானே இரண்டு தரம் ஆட்டி முடித்திருப்பேன். பிள்ளை வேலை கற்றுக்கொள்வது ரொம்ப நல்ல விஷயம்தான், பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு. தெருக்குழாயில் தண்ணீர் விட்டுவிட்டால் வரலாறு பாதியில் நின்றுவிடும். குடங்களை நிரப்பிக்கொண்டு வந்து பார்த்தால் அக்பர் விட்ட இடத்திலேயே இருப்பார், எனக்குத்தான் இடுப்பு விட்டுப்போயிருக்கும்.

பௌர்ணமி வந்தால் நம் பள்ளிக்கூடத்துக்கு லீவு. நாம் எங்கே விட்டோம், வருகிறவர்கள் விட வைத்தார்கள். ஆரணியிலிருந்து என் அண்ணன் குடும்பம், சேத்துப்பட்டிலிருந்து உங்கள் தங்கை குடும்பம் என்று கிரிவலத்துக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் நம் வீடுதான் சத்திரம். பதினைந்து பேருக்குச் சோறு வடித்துப் போட வேண்டும், அவர்கள் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். "இன்னாடி, பாப்பா இஸ்கூலுக்குப் போவலியா?" என்று என் அண்ணி கேட்டால் நான் லீவு என்பேன். "எந்த இஸ்கூல்ல எப்ப வந்தாலும் லீவு வுடறாங்க?" என்று அண்ணன் கேட்டுவிட்டுச் சிரிப்பார். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். உங்களுக்கு வெட்கமே கிடையாது. கிண்டலைக்கூட ஏதோ மாலை மரியாதை மாதிரி வாங்கிக்கொள்வீர்கள்.

கூட்டமில்லாத நாளாகப் பார்த்து நீங்கள் லீவு போட்டுவிட்டு எங்களை மலை சுற்றக் கூட்டிக்கொண்டு போவீர்கள். உங்களுக்கு அதுதான் புவியியல். ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் நிறுத்தி, "மதி, இப்ப நாம எந்தத் திக்குல நிக்கிறோம்?" என்று கேட்பீர்கள். "அக்னி லிங்கம், தென்கிழக்குப்பா." "எமலிங்கம், தெற்கு." "நிருதி லிங்கம், தென்மேற்கு." அப்பாவும் மகளும் கையை வீசிக்கொண்டு முன்னால் போவீர்கள். புளிச்சோற்றுத் தூக்கையும் தண்ணீர்க் கூஜாவையும் சுமந்துகொண்டு நான் பின்னால் வருவேன். எனக்கும் திசை தெரியும். யாரும் கேட்கவில்லை.

அடி அண்ணாமலையில் உங்கள் அண்ணன் நிலத்தில் இருக்கும் வட்டக் கிணற்றைக் கயிற்றால் அளந்த நாள் இன்னும் கண்ணில் இருக்கிறது. சுற்றளவை அளந்து, குறுக்களவையும் அளந்து, ஒன்றை ஒன்றால் வகுத்தால் மூன்றும் கொஞ்சமும் வரும் என்றீர்கள். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது நான்தான். மூன்றும் கொஞ்சமும் வந்தது. மதி குதித்தாள். நீங்கள் அவளைவிடக் குதித்தீர்கள். அன்று உங்கள் முகத்தைப் பார்த்தபோது எனக்கே, சரி, இந்தக் கஷ்டம் படலாம் என்றுதான் இருந்தது. அதையும் நான் உங்களிடம் சொன்னதில்லை.

அவள் ஐந்தாவது பாடம் முடித்ததும் தேரடிப் பக்கம் பழைய புத்தகக் கடைக்குப் போய் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புப் புத்தகங்களையும் ஒரே கட்டாக வாங்கிவந்தீர்கள். கேரியரிலிருந்து இறக்கும்போதே, "மூணு வருஷத்துக்குக் கவலை இல்ல" என்றீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூன்று பேரும் உட்கார்ந்து அட்டை போட்டோம். எட்டாவது பரீட்சையைத் தனித்தேர்வராக எழுதிப் பாஸ் செய்துவிட்டால் ஒன்பதாவதில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர்க்கலாம் என்று விசாரித்து வைத்திருந்தீர்கள். அது இல்லாவிட்டால் இத்தனை வருஷம் அவள் படித்ததற்கு அத்தாட்சியே கிடையாது. ஊரும் உறவும் சிரித்தது சரி என்று ஆகிவிடும். அதனால் நம் வீட்டில் எல்லாமே அந்தப் பரீட்சையை நோக்கித்தான் நடந்தது.

எட்டாவது பாடம் ஆரம்பித்த வருஷம் ஆடி மாசத்தில் ஒரு மத்தியானம், மதி பக்கத்து வீட்டு கீதாவின் அறிவியல் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். கீதா கவர்ன்மெண்டு பள்ளிக்கூடத்தில் அதே எட்டாவது.

"அம்மா, இதப் பாரேன். இவ புக்குல வேற பாடமா கீது. நம்மளதுல இதெல்லாம் இல்லவே இல்ல."

வாங்கிப் புரட்டினேன். பாதிக்கு மேல் வேறாக இருந்தது. பாடத்தை மாற்றிவிட்டார்கள், நம் கையில் இருப்பது பழசு என்பது எனக்கு அங்கேயே, அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

இதுதான் நான் சொல்லாமல் விட்டது. எனக்குத் தெரியும்.

அன்றைக்கு இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை. உங்கள் தங்கை வந்து தங்கியிருந்தாள். மதிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் முதலில் நான் படிக்க வேண்டும். அப்படி முட்டி மோதி மூன்று பாடம் முடித்து அப்போதுதான் மூச்சு விட்டிருந்தேன். உங்களிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே சைக்கிளை எடுத்துக்கொண்டு புதுப் புத்தகம் வாங்கிவருவீர்கள். முகமெல்லாம் சிரிப்பாக, "முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்" என்பீர்கள். புது டைம்டேபிள் ஒட்டிவிட்டுக் காலையில் ஆபீசுக்குப் போய்விடுவீர்கள். உங்கள் கோபத்துக்கு நான் என்றைக்கும் பயந்ததில்லை. உங்கள் உற்சாகத்துக்குத்தான் பயந்தேன்.

"நம்ம புக்குல இன்னா கீதோ அத படி. பாடம் எங்கயும் ஓடிப் போயிடாது" என்று மதியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு புத்தகத்தைக் கீதாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த வாரம் உங்களிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தீபம் முடியட்டும் என்று நினைத்தேன். பொங்கலும் போய்விட்டது.

பரீட்சை முடிந்து வந்தவளின் கையிலிருந்து அறிவியல் கேள்வித்தாளை நீங்கள் வாங்கிப் பார்த்தீர்கள். மறுநாள் கீதாவின் புத்தகத்தை வாங்கிவந்து, நம் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து, பென்சிலால் ஒவ்வொரு பாடமாக டிக் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். மற்ற பாடங்களில் மாற்றம் கம்மி. அவற்றில் பாஸ். அறிவியலில் பத்தொன்பது மார்க்.

ரிசல்ட் வந்த பிறகு வந்த பௌர்ணமிக்கு என் அண்ணன் வந்தார். இலையில் உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா மாப்ள, கலெக்டர் ஆக்கறேன்னு ஊட்லயே வெச்சி, எட்டாவதையே தாண்ட வுடலியே. எங்க தங்கச்சிக்கு இன்னா தெரியும்னு அவகிட்ட வுட்ட?"

நீங்கள் தலையை நிமிர்த்திச் சொன்னீர்கள். "அவ மேல ஒண்ணும் இல்ல மச்சான். புக்கு வாங்குனது நான். பாடம் மாறிச்சானு விசாரிக்காம வுட்டது என் தப்பு. கையில இருந்தத அவ ஒழுங்காத்தான் சொல்லிக் குடுத்தா."

நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். திருப்ப மறந்து கருகிவிட்டது. கருகியதை என் தட்டில் போட்டுக்கொண்டு அடுத்ததை ஊற்றினேன்.

அதற்கப்புறம் மதியைக் கூப்பிட்டு, "ஏம்மா, நீகூட கவனிக்கலியா? கீதா புக்க பார்த்திருப்பியே?" என்று கேட்டீர்கள். அவள் உங்களை நேராகப் பார்த்து, "இல்லப்பா. நான் பாக்கல" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த தடவை புதுப் புத்தகத்தைப் படித்து எழுதிப் பாஸ் செய்துவிட்டாள். ஒன்பதாவதில் சேர்ந்தாள். ஹாரன் சத்தத்துக்கு வாந்தி எடுக்கவில்லை, சினேகிதிகள் வந்தார்கள், நன்றாகத்தான் படித்தாள். இப்போது வேலூரில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. நீங்கள் செய்தது ஒன்றும் வீணாகவில்லை. ஆனால் நீங்கள் அதை நம்பவில்லை. டைம்டேபிளைச் சுவரிலிருந்து கிழித்தீர்கள். ஆபீஸ் விட்டு வந்தால் பேப்பர், சாப்பாடு, தூக்கம். அவள் சந்தேகம் கேட்டு வந்தால்கூட, "டீச்சர் கிட்ட கேளும்மா, எனக்கு இன்னா தெரியும்" என்பீர்கள். பிறகு எத்தனையோ தடவை மூன்று பேரும் மலை சுற்றியிருக்கிறோம். ஒரு லிங்கத்தின் முன்னாலும் நீங்கள் திசை கேட்கவில்லை. நான் உண்மையை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திசை கேட்பதை விட்டிருக்க மாட்டீர்கள்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, பேனாவை மூடிவைத்து, வேலூருக்குப் போன் போட்டேன். யாரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

"மதி, அந்த எட்டாவது சயின்ஸ் புக்கு விஷயம் ஞாபகம் இருக்குதா உனக்கு?"

"இன்னாம்மா திடீர்னு?"

"பாடம் வேறயா இருக்குதுனு நீ எங்கிட்ட வந்து சொன்ன இல்ல?"

"சொன்னேன். நம்ம புக்க படின்னுட்ட. எனக்கு அப்பாடானு இருந்துச்சிம்மா. எங்க மறுபடியும் மொதல்லேர்ந்து படிக்கச் சொல்லிடுவியோனு பயந்துகினு இருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் களைத்துப் போயிருந்தது நான் மட்டுமில்லை. பதின்மூன்று வயசுப் பிள்ளையும் களைத்துத்தான் இருந்திருக்கிறாள். களைக்காதவர் நீங்கள் ஒருத்தர். பழியும் உங்கள் மேல்தான் விழுந்தது.

"அப்பா கேட்டப்ப ஏண்டி பாக்கலனு சொன்ன?"

"உண்மையச் சொன்னா நீ அழுவ. அப்பா அழ மாட்டாரு இல்ல? அதான்." பிறகு, மாத்திரை போட்டாயா என்று கேட்டாள். போட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

அண்ணன் குடும்பம் கிரிவலத்துக்குக் கிளம்பிப் போன அந்தச் சாயங்காலம், நீங்கள் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குந்தி முகம் கழுவினீர்கள். துண்டால் துடைத்தீர்கள். மறுபடியும் கழுவினீர்கள். வாளியில் தண்ணீர் தீர்ந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்படியே இருந்தீர்கள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து, "ஏங்க, தப்பு உங்களுது இல்ல, என்னுது" என்று சொல்ல நாலு அடிதான் தூரம். அடுப்பில் பருப்பு இருக்கிறது என்று திரும்பிவிட்டேன்.

இப்போது சொல்கிறேன். தப்பு என்னுடையது. வருகிற பௌர்ணமிக்கு அண்ணன் வரும்போது அவரிடமும் சொல்லிவிடுகிறேன், சிரித்தாலும் சரி, திட்டினாலும் சரி. மதியிடம் மட்டும் அந்தச் சாயங்காலத்தைச் சொல்ல மாட்டேன். அதை நானே வைத்துக்கொள்கிறேன். அவளுக்கு நீங்கள் அழாத அப்பாவாகவே இருந்துவிட்டுப் போங்கள்.