கேற்றடியில் நின்ற பெடியள்

ஸ்காபரோ, கனடா,
மார்ச் 1996

தோழர்,

இடது கையால் எழுதப் பழகுகிறீராம். எங்கள் வேலைநிறுத்தம் வென்றுவிட்டது. பிஸ்கட் பக்டரியில் இனிச் சுகயீன லீவுக்கும் சம்பளம் உண்டு.

அந்தச் சண்டைக் குழுப் பெடியளைக் பக்டரி வாசல் கேற்றடிக்கு அழைத்தது நான்தான். "சும்மா நில்லுங்கோ, வேலைக்குப் போறவை பயந்து திரும்பட்டும்" என்றேன். அவர்கள் கையில் இரும்புக் கம்பிகளைக் கண்டேன். ஊரிலுள்ள பிள்ளைகளை ஸ்பொன்சர் செய்து இங்கே எடுக்க வேலை வேண்டுமென்று, வேலைநிறுத்தத்தை மீறி நீரும் கம்பனி வான் வண்டியில் வருவீர் என்பது தெரியும். வரவேண்டாம் என்று உமக்குச் சொல்லி வைக்கவில்லை; அவர்கள் உமது வலது கையை அடித்து முறித்தார்கள்.

யாழ்ப்பாணத்துத் தொழிற்சங்க நாள்களிலிருந்து இருபது வருடம் என்னைத் தோழர் என்றே அழைத்தீர். ஆஸ்பத்திரியில், கட்டுப்போட்ட கையோடு, யாரையோ கூப்பிடுவதுபோல் "வாங்கோ அண்ணை, இருங்கோ" என்றீர். அதைவிட நீர் என்னை அடித்திருக்கலாம்.

நாளை பொலிசில் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். "தோழர்" என்று கையெழுத்திட மனம் வரவில்லை.

அண்ணை