சிவப்பு நாடா கட்டிய முப்பத்தெட்டு முளைகள்

அன்பு மகளுக்கு,

மார்ச் 9, ஞாயிறு, காலை ஆறு நாற்பது. உன் காட்டு டெய்சியின் எண்ணிக்கை இரண்டு. போன மாதம் நாற்பது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும், இதைப் படித்து முடித்த பிறகும்.

பரீட்சை முடியட்டும், இப்போது எழுதாதே என்றாள் அம்மா. முடிந்தபின் சொன்னால் மட்டும் செடி முளைத்துவிடுமா என்று கேட்டேன். உங்களுக்கு இருபது வயசுல பொண்ணு பொறந்தாச்சு, இப்ப நாப்பது ஆகப்போகுது, பொறுமை மட்டும் இன்னும் பொறக்கல என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் முட்டி வலி தேவலை, மாடிப்படி மட்டும்தான் தகராறு.

நடந்ததைச் சொல்கிறேன். சாலையை அகலப்படுத்த உன் டெய்சி இருக்கும் அந்தச் சரிவை வெட்டப்போகிறார்கள் என்றதும், செடிகளைத் தொடாமல் விடும்படி குறித்துவைக்கச் சொன்னாய். குறித்தேன், ஒவ்வொரு செடிக்கும் ஒரு சாண் தள்ளி ஒரு மரமுளை அடித்தேன். பையில் நீல நாடா தீர்ந்திருந்தது, அலுவலகம் போய் எடுத்துவர அலுப்பு, இருந்த சிவப்பையே கட்டினேன். எங்கள் நில அளவை வேலையில் நீலம் என்றால் தொடாதே, சிவப்பு என்றால் தோண்டு. பதினாறு வருடமாகப் புதிதாய் வருகிறவர்களுக்கு நானே சொல்லித்தரும் பாடம். வேலை அடுத்த மாதம்தானே, அதற்குள் மாற்றிவிடலாம் என்று இருந்தேன், வியாழக்கிழமையே பொக்லைன் வந்துவிட்டது. ஓட்டுநரைப் பிடித்துக் கத்தினேன், அவர் முழித்தார். சார், சிவப்பு கட்டுன எடத்தத்தானே எடுக்கச் சொல்லுவீங்க, ஒண்ணு விடாம எடுத்திருக்கேன், நீங்க அடிச்ச முளைன்னா கண்ண மூடிட்டு நம்புவேன் சார் என்றார். பாறை இடுக்கில் முளை இறங்காததால் நான் குறிக்காமல் விட்ட இரண்டுதான் மிச்சம்.

அதையும் நம்பாதே. மண்ணை விலக்கிப் பார்த்தேன், இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. தன் மகரந்தத்தில் இது விதை பிடிக்காது என்று நீதான் சொன்னாய், ஆகவே கணக்குக்கு ஒன்று, விதைக்குப் பூஜ்யம். முப்பது செடியின் விதை இல்லாமல் உன் ஆய்வு நகராது என்பதும் தெரியும். இரண்டு நாளாக மற்றச் சரிவுகளெல்லாம் ஏறி இறங்கினேன். அதற்கு இரண்டும் வேண்டும், களிமண் இருக்கும் இடத்தில் பாறை வெடிப்பு இல்லை, வெடிப்பு இருக்கும் இடத்தைப் புல் பிடித்துக்கொண்டது. அடியில் ஊதா ஓடிய அந்த வெள்ளை இதழ் எங்கும் இல்லை. ஆறுதலாக ஏதாவது எழுது என்கிறாள் அம்மா, இருந்தால் எழுதமாட்டேனா.

டிக்கெட் போட்டு ஓடிவராதே, பார்க்க ஒன்றும் இல்லை. பரீட்சையை எழுது. கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே, அது என்னைத் தண்டிக்காது. நீ நன்றாக இருக்க வேண்டும், எடுத்த படிப்பு உன்னைக் கைவிடக் கூடாது. போனில் எவ்வளவு திட்டினாலும் நடுவில் பேசமாட்டேன்.

உன் அப்பா

இனி நான் செய்யப்போவது:

1. மிச்சமிருக்கும் செடியைச் சுற்றி இன்றே கம்பி வலை.

2. அள்ளிய மண்ணைக் கொட்டிய பள்ளத்தில் வேர் தேடுவேன். ஓட்டுநரும் வருகிறேன் என்கிறார். நான்கு லாரி மண், மேலே ரோலர் ஓடிவிட்டது. கிடைக்காது. தேடுவேன்.

3. அலுவலக அறிக்கையில் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று மேலதிகாரி எழுதியிருக்கிறார். அதை அடித்து என் பெயரை எழுதச் சொல்வேன்.

4. உன் பேராசிரியருக்கு நானே கடிதம் எழுதுவேன். அதில் 'விபத்து' என்ற சொல் இருக்காது.