இரண்டாவது பஃபர் ஜாக்கெட்

அக்டோபர் 19, ஞாயிறு

அவர் காய்கறி வாங்கப் போயிருக்கிறார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கூடவே போயிருக்கலாம். ஆனால் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பஃபர் ஜாக்கெட், குளிருக்குப் போடும் உப்பிய ஜாக்கெட்; அது அவர் மேல் போய்விட்டது.

வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த புதிதில் ஒன்றுதான் வாங்க முடிந்தது. ஆண்கள் அளவு, பழுப்பு நிறம். அவருக்குப் பார்சல் பிரிக்கும் கிடங்கில் விடிகாலை ஐந்து மணியிலிருந்து வேலை. எனக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரண்டு மணியிலிருந்து. அவர் ஒன்றேகாலுக்கு உள்ளே நுழைவார், கழற்றுவார், நான் போட்டுக்கொண்டு ஒன்றரைப் பேருந்தைப் பிடிப்பேன். ஒரு நாளும் தவறியதில்லை. அடுத்த வருடம் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிச் சொல்லியே நான்காவது குளிர்காலம் வந்துவிட்டது. ஒன்றை வைத்தே ஓட்டிவிட்டோம் என்று எங்களுக்கு ஒரு பெருமை வேறு.

கீழே ஒரு ஜோடி போகிறது. இரண்டு பேரும் உப்பிப்போய், கை கோத்துக்கொண்டு. நானும் அவரும் சேர்ந்து குளிரில் வெளியே போனதே இல்லை. மூன்று வருடம். எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைக்கிறது.

இந்த முறை எனக்கென்று ஒன்று வாங்கப் போகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு ஏரியைச் சுற்றி நடக்க வேண்டும். வேறு ஒன்றும் பெரிய ஆசை இல்லை.

அக்டோபர் 22, புதன்

பேருந்தில் உட்கார்ந்து போனில் தேடினேன். பணக்காரப் பெண்கள் போடும் ஜாக்கெட் ஒன்று வந்தது. விலையைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். அந்த விலைக்கு ஒரு பழைய கார் வாங்கலாம். அப்புறம் ‘அதே போல’ என்று போட்டுத் தேடினேன். அதே தையல், அதே பளபளப்பு, அதே உயரமான கழுத்து. விலை மட்டும் நம்மைப் போல. கொட்டிக் கிடக்கிறது.

பாடமும் படித்தாயிற்று. இறகு வேறு, தூவி வேறாம். இறகுக்குக் காம்பு உண்டு, குத்தும். தூவி என்பது வாத்தின் மார்பில் பஞ்சு மாதிரி இருப்பது. அதுதான் காற்றைப் பிடித்து வைத்துச் சூடு தரும். நூற்றுக்கு எண்பது பங்கு தூவி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சிலர் மேலே வாத்துப் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு, கடைசி வரியில் பொடி எழுத்தில் பாலியஸ்டர் என்கிறார்கள். சலவைக்கூடத்தில் தலையணையை ஒரு அழுத்து அழுத்தினால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். போனை எங்கே அழுத்துவது?

அக்டோபர் 25, சனி

இன்று ஏமாந்திருப்பேன். அந்தப் பணக்கார ஜாக்கெட்டே பத்தில் ஒரு பங்கு விலைக்கு! பக்கத்தில் ஒரு கடிகாரம் வேறு, பதினொரு நிமிடம்தான் பாக்கி என்று ஓடிக்கொண்டிருந்தது. அட்டை எண்ணைப் போட ஆரம்பித்துவிட்டேன்.

சலவைக்கூடத்து மடிப்பக்காதான் காப்பாற்றினார். விரிப்பின் அந்த முனையை அவர் பிடிக்க, இந்த முனையை நான் பிடிக்க, ஒரு நாளைக்கு நானூறு மடிப்போம். அதனால் நான் வைத்த பெயர். போனை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வரை தள்ளிப் பார்த்தார். பிடிக்கவில்லை என்றால் எந்த முகவரிக்குத் திருப்பி அனுப்புவது என்று ஒரு வரிகூட இல்லையே என்றார். திரும்பி வரக் கூடாது என்று நினைப்பவன்தான் முகவரி தரமாட்டானாம். கடிகாரம் ஓடி முடிந்தது. உடனே மறுபடியும் பதினொரு நிமிடத்திலிருந்து ஆரம்பித்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

நவம்பர் 2, ஞாயிறு

போனில் கடைக் கூடையில் ஒன்பது ஜாக்கெட் சேர்த்து வைத்திருக்கிறேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “வாத்து மேய்க்கப் போறியா?” என்றார். அதிலிருந்து என்னை வாத்துக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்.

பிறகு கொஞ்ச நேரம் கழித்து, இருக்கிற ஒன்று போதாதா, நன்றாகத்தானே போய்க்கொண்டிருக்கிறது என்று கேட்டார். செலவுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். ஏரிக்கரை ஆசையைச் சொன்னேன். சரி என்று தலையாட்டினார்.

நவம்பர் 6, வியாழன்

விலை குறைந்தது. கை துடைத்துவிட்டு வருவதற்குள் ஏறிவிட்டது.

நவம்பர் 9, ஞாயிறு

வாங்கியாயிற்று. திராட்சை நிறம், இடுப்பில் பட்டை, தூவி எண்பத்தைந்து. வாங்கியவர்கள் எழுதிய நூற்றுப் பன்னிரண்டு கருத்துகளையும் படித்தேன். ஒருத்தி மட்டும் ‘தோளில் இறகு எட்டிப் பார்க்கிறது’ என்று குறைப்பட்டிருந்தாள். பரவாயில்லை, பார்த்துவிட்டுப் போகட்டும்.

நவம்பர் 17, திங்கள்

வாசலில் ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டே, “உன் பெட்டி இன்னிக்கு எங்க பெல்ட்டுல போச்சு, உன் பேரு போட்டிருந்துச்சு, ஒரு தட்டு தட்டி அனுப்பிட்டேன்” என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பேருந்து முழுக்கச் சிரித்துக்கொண்டே போனேன்.

நவம்பர் 19, புதன்

முதல் நாள். கண்ணாடியில் பார்த்தால் யாரோ மாதிரி இருந்தது. பெரிய இடத்துப் பெண் மாதிரி இருக்கிறாய் என்றார் அவர். சோபாவில் சாய்ந்தபடி சொன்னார். பழுப்பு ஜாக்கெட் அவர் மேலேயே இருந்தது. கழற்ற அவசரமில்லை.

ஒன்று எழுத வேண்டும். கையை உள்ளே விட்டதும் திடுக்கென்றது, ஜில்லென்று. இத்தனை நாள் நான் போட்டுக்கொண்டதெல்லாம் அவர் உடம்புச் சூட்டோடு இருந்தது. புதியதில் நம் சூடு ஏறப் பத்து நிமிடம் ஆகிறது. பழையதன் பையில் அவர் ஏதாவது வைத்திருப்பார், பாதி பிஸ்கட் பொட்டலம், ஒரு மிட்டாய். நானும் ஆரஞ்சு வைத்து அனுப்புவேன். இன்று பழக்கத்தில் பைக்குள் கையை விட்டேன். ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்று இருந்தது. ‘சாப்பிடக் கூடாது’ என்று எழுதியிருந்தது.

நவம்பர் 24, திங்கள்

வெள்ளியும் சனியும் அவர் ஒன்றே முக்காலுக்குத்தான் வந்திருக்கிறார். நேற்று முழுக்கத் தூக்கம். இன்றும் நான் கிளம்பும்வரை காணோம். நான் வேலை முடிந்து வீடு திரும்பும்போது அவர் படுத்திருப்பார், நான் எழுவதற்குள் போயிருப்பார். எங்களுக்கு இருந்ததே அந்தக் கால் மணி நேரம்தான். இதை நான் யோசிக்கவே இல்லை. நூற்றுப் பன்னிரண்டு கருத்துகளைப் படித்த மகராசி, இதை யோசிக்கவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

ஏரிக்குப் போனோம்.

கரையெல்லாம் வெள்ளை. ஆளுக்கொரு ஜாக்கெட்டில் எப்படி இருக்கிறோம் என்று பார்க்க, எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன், எடுத்தார். பிறகு அவர் நாலு அடி முன்னால் போனார். நான் வேகமாக நடந்தால் அவரும் வேகமாக நடந்தார். வேண்டுமென்று செய்யவில்லை, அவர் நடையே அப்படி; அது எனக்கு இதுவரை தெரியவே தெரியாது. கிடங்கைப் பற்றிக் கேட்டேன், ஒரு வரியில் சொன்னார். மடிப்பக்காவின் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னேன், உம் கொட்டினார். பாதிச் சுற்றில் நின்று, “போலாமா?” என்றார். குளிர்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

கால் மணி நேரத்துக்கு மேல் எங்களிடம் பேச ஒன்றும் இல்லையோ? இருக்காது. களைப்பு. அதிகாலை மூன்றரைக்கு எழுந்திருக்கும் மனிதர்.

டிசம்பர் 4, வியாழன்

மதியம் நான்கு மணிவரை கூடுதல் வேலை எடுத்துக்கொண்டாராம். போனில் செய்தி அனுப்பியிருந்தார். என்னைக் கேட்கவில்லை, சொன்னார்.

டிசம்பர் 8, திங்கள்

ஒரு காரியம் செய்துவிட்டேன். புது ஜாக்கெட்டின் ஜிப் பிய்ந்துவிட்டது, கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன், மாற்றி அனுப்ப இரண்டு வாரம் ஆகும் என்று அவருக்குச் செய்தி போட்டேன். ஜிப்புக்கு ஒன்றுமில்லை. ஜாக்கெட் கட்டிலுக்கடியில் பயணப் பெட்டிக்குள் இருக்கிறது.

அசிங்கமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

டிசம்பர் 9, செவ்வாய்

ஒன்று பத்துக்கு வந்துவிட்டார்! மூச்சு வாங்கியது, மூக்கு சிவந்திருந்தது. வாசலிலேயே கழற்றி என் தோளில் போட்டார். கழுத்துப் பக்கமெல்லாம் அவர் சூடு. கூடுதல் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார். இன்று விரிப்பு மடிக்கும்போது நான் பாடிக்கொண்டிருந்தேனாம், மடிப்பக்கா சொன்னார்.

டிசம்பர் 15, திங்கள்

தினமும் ஒன்று பத்து. நேற்று இரவே பையில் ஆரஞ்சு வைத்துவிட்டேன். இன்று மதியம் அது அப்படியே திரும்பி வந்தது. மறந்திருப்பார்.

டிசம்பர் 21, ஞாயிறு

எப்படி எழுதுவது. காலையில் குளித்துவிட்டு வருகிறேன். கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுத்து வெளியே வைத்திருக்கிறார். பெட்டி திறந்திருக்கிறது. என் ஜாக்கெட் அவர் மடியில்.

ஜிப்பை மேலே இழுத்தார், கீழே இழுத்தார். நன்றாக ஓடியது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

அப்புறம்தான் எனக்குத் தோன்றியது, இவர் எதற்குப் பயணப் பெட்டியை எடுத்தார்? கேட்டேன். கிடங்குக்குப் பக்கத்தில், அவரோடு வேலை செய்யும் இரண்டு பேர் அறை எடுத்திருக்கிறார்களாம். அங்கே போகப் போகிறாராம். வேலைக்குப் பக்கம் என்றார். பிறகு அவருக்கே அந்தப் பொய் பிடிக்கவில்லை போல. ஜாக்கெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மூணு வருஷம் ஒன்னேகாலுக்கு வீட்டுல இருக்கணும்னு ஓடிக்கிட்டே இருந்தேன். உன் ஜாக்கெட் வந்தப்புறம் ஓட வேண்டியதில்லைன்னு ஆச்சு. அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, எனக்கு வீட்டுக்கு வரணும்னே தோணலன்னு.”

வேறு யாராவதா என்று கேட்டேன். இல்லை என்றார். நம்புகிறேன். அவருக்குப் பொய் வராது.

“எங்கிட்ட என்ன கொற?”

“ஒரு கொறையும் இல்ல.”

ஏதாவது சொல்லியிருக்கலாம். சமையல் பிடிக்கல, வாய் நீளம், ஏதாவது. மாத்திக்கிட்டிருப்பேனே.

டிசம்பர் 22, திங்கள்

வேலைக்குப் போகல. சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டேன். தேடித் தேடி, விலை பாத்து, வாத்தா பாலியஸ்டரான்னு ஆராய்ச்சி பண்ணி வெச்சுக்கிட்டேன். வாங்காம இருந்திருந்தா? ஓடி வந்துக்கிட்டே இருந்திருப்பாரு. நானும் எனக்காகத்தான் ஓடி வராருன்னு நெனச்சுக்கிட்டே கெழவி ஆயிருப்பேன். அது என்ன தப்பு? யாருக்கு என்ன நஷ்டம்?

— அவருக்கு. அவருக்கு நஷ்டம். ஆரஞ்சு திரும்பி வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

ஜனவரி 4, ஞாயிறு

போய்விட்டார். பெட்டி கனமில்லை. கீழே வரை கூடப் போனேன். இரண்டு பேரும் ஜாக்கெட் போட்டிருந்தோம். எதிரே வந்த கீழ்வீட்டு மனிதர், எங்கே ஜோடியாக என்று கேட்டார். சும்மா இதோ என்று நான்தான் சொன்னேன்.

ஜனவரி 13, செவ்வாய்

மடிப்பக்காவிடம் சொன்னேன். விரிப்பின் முனையைக் கொடுக்க என்னிடம் வரும்போது ஒவ்வொரு முறையும் கையை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனார். நானூறு விரிப்பு.

ஜனவரி 18, ஞாயிறு

கடையிலிருந்து கருத்துக் கேட்டு மூன்றாவது மின்னஞ்சல். எழுதினேன்: ‘சொன்ன நிறம். நல்ல தூவி. தோளில் ஒன்றிரண்டு இறகு வருகிறது, தையலில் உள்பக்கமாக இழுத்துவிட்டால் போதும். நல்ல சூடு.’ நான்கு நட்சத்திரம் கொடுத்தேன். ஒரு நட்சத்திரம் ஏன் குறைத்தீர்கள் என்று கேட்டது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

ஜனவரி 29, வியாழன்

மதியம் ஒன்றேகாலுக்கு இன்னும் காது படிக்கட்டுப் பக்கம் போகிறது. அடுத்த மாதத்திலிருந்து காலை வேலைக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

அவரிடமிருந்து செய்தி. பழுப்பு ஜாக்கெட்டைப் பேருந்தில் விட்டுவிட்டாராம். சூடாக இருக்கிறதே என்று கழற்றிப் பக்கத்தில் வைத்தாராம், இறங்கும்போது மறந்துவிட்டாராம். விசாரித்தாராம், கிடைக்கவில்லை. மூன்று நாளாக இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போகிறார். ‘நீ வாங்கினது எந்தக் கடை? எனக்கு இதெல்லாம் தெரியாது’ என்று கேட்டிருந்தார்.

கடைப் பெயரைச் சொல்லிவிட்டு விட்டிருக்கலாம். விட்டால் இவர் பாலியஸ்டரைத்தான் வாங்குவார். நானே பார்த்துப் போடுகிறேன் என்றேன். சாயங்காலம்வரை தேடினேன். கறுப்பு, தூவி தொண்ணூறு, காது மூடும் தொப்பி. அவருக்குக் காதுதான் முதலில் விறைக்கும். நடுவில் ஒரு தடவை எழுந்து போய் அழுதுவிட்டு வந்தேன்.

மார்பளவு கேட்டது, தோள் கேட்டது, கை நீளம் கேட்டது. யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் போட்டேன். முகவரிக் கட்டத்தில் கடை தானாகவே எங்கள் வீட்டைப் போட்டு வைத்திருந்தது. அதை அழித்தேன். புது முகவரி எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்டேன், ஒரு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்.