பதினான்காம் அறையில் இருப்பவள்

தியாகராய நகர், சென்னை-17
12-8-1979

அன்புள்ள அத்தானுக்குத் தங்கபுஷ்பம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மாமா, அத்தை, கடை எல்லாம் சுகம். நான் சுகமா என்பது படித்துக்கொண்டே போனால் தெரியும்.

அமெரிக்காவிலிருந்து நீங்கள் அனுப்பிய பார்சல் திங்கட்கிழமை வந்தது. புத்தகமும் பகடைகளும் சேதமில்லை. ஒருவர் ஒரு கற்பனைக் கோட்டையில் என்னென்ன இருக்கிறது என்று வாசிக்க, மற்றவர்கள் அதற்குள் போகும் வீரர்களாகப் பேச, பிழைப்பதும் சாவதும் பகடையின் கையில் என்று நீங்கள் முன்பு எழுதியபோது, இன்ஜினீயர் இப்படியும் விளையாடுவாரா என்று சிரித்தேன். இப்போது நீங்கள் கட்டிய கோட்டையையே அச்சடித்து விற்கிறார்கள். அட்டையில் உங்கள் பெயரைப் பார்த்து அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. வடபழனிக்குக் கொண்டுபோய் முருகன் பாதத்தில் வைத்து எடுத்து வந்தார்கள். பக்கத்தில் ஜூடித் என்று இருக்கிறதே, அது யார் என்று கேட்டார்கள். அச்சாபீஸ் பெயர் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

சனிக்கிழமைதோறும் அவள் வீட்டு மேஜையில் உட்கார்ந்துதான் இருவருமாக எழுதினீர்களாம். கோட்டைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒரு மாதம் சண்டை போட்டீர்களாம். அதைப் பெருமையாக எனக்கே எழுதுகிறீர்கள். என்னோடு நீங்கள் சண்டை போட்டதே இல்லை. கல்யாணப் பந்தல் பிரித்த கையோடு விமானம் ஏறியவருக்கு அதற்கு நேரம் ஏது? அவளுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டால், அங்கே பனி பெய்வதைப் பற்றிப் பதில் வருகிறது. ஆமாம், எனக்குப் பொறாமைதான். ஒளிப்பானேன்?

நேற்று மத்தியானம் பக்கத்து வீட்டு ஷாகிராவையும் அவள் நாத்தனார் ஹாஜிரா பீயையும் உட்காரவைத்து, உங்கள் புத்தகத்தைத் தமிழில் சொல்லிச் சொல்லி விளையாட்டு நடத்தினேன். பகடைச் சத்தம் கேட்டு, வீட்டில் சூதாட்டமா என்று அத்தை எட்டிப் பார்த்தார்கள். உங்கள் பிள்ளை எழுதிய கோட்டை என்றதும் முறுக்குத் தட்டு வந்துவிட்டது. ஹாஜிரா பீ பாம்புக் கிணற்றில் விழுந்து செத்துப்போய், வேறு ஆளாகத் திரும்பி வருவேன் என்று ஒரே ரகளை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

பிறகு பதினான்காம் அறை வந்தது. கணவன் கப்பலேறிப் போய்த் திரும்பாத ஒரு சீமாட்டி. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். யோசிக்கும்போது கழுத்துச் சங்கிலியைக் கடிப்பாள் என்று போட்டிருக்கிறது. அதை வாசிக்கும்போது என் தாலிச்சங்கிலி என் பல்லுக்கிடையில்தான் இருந்தது. ஷாகிரா என்னையே பார்த்தாள். "இன்னாக்கா, காவக்காரன் இன்னா செய்வான், எலி இன்னா செய்யும்னு எல்லாம் எழுதிக்கீது. இந்தம்மா மட்டும் சும்மா குந்திக்கினு கீதே?" என்றாள். புரட்டிப் பார்த்தேன். காத்திருப்பாள் என்பதற்குமேல் அவளுக்கு ஒரு வார்த்தை இல்லை.

இதை யார் எழுதியது, அத்தான்? ஜூடித் எழுதினாள் என்றால், என் பழக்கத்தை அவளிடம் சொல்லியிருக்கிறீர்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அத்தை திட்டுகிற, நீங்கள் ஒருவர் மட்டும் ரசித்த பழக்கம் அது. அதையும் கொண்டுபோய் அந்த மேஜையில் வைத்துவிட்டீர்களே. நீங்கள்தான் எழுதினீர்கள் என்றால், எனக்குக் கொடுக்க வேறு வேலையே தோன்றவில்லையா?

புத்தகத்தில் இல்லாததை நடத்துபவரே முடிவு செய்யலாம் என்று முன்னுரையில் இருக்கிறது. அந்தச் சீமாட்டியை எழுப்பி வாசலுக்கு நடக்கவைத்தேன். ஹாஜிரா பீ அவளுக்குத் தன் கத்தியைக் கொடுத்தாள்.

இரண்டாவது புத்தகமும் ஜூடித்தோடுதான், அது முடியாமல் என்னை அழைத்துக்கொள்ள முடியாது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக எழுதுங்கள் என்று பெருந்தன்மையாகக் கடிதத்தை முடிக்கத்தான் நினைத்தேன். மனம் வரவில்லை. அவளோடு எழுத வேண்டாம். விசாவுக்கு வேண்டிய காகிதங்களை அனுப்புங்கள். சுரங்கப்பாதைக்காகச் சண்டை போட எனக்கும் தெரியும்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். முருகன் உங்களுக்குத் துணை இருக்கட்டும். அந்த அறையை எழுதியது நீங்கள்தான் என்று ஒரு வரி போடுங்கள். அது பொய்யாக இருந்தால், நான் கண்டுபிடிக்க முடியாதபடி எழுதுங்கள். எழுதத்தான் உங்களுக்கு நன்றாக வருகிறதே.

உங்கள்
தங்கபுஷ்பம்