மஞ்சள் தெரியாத திரை

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்திலும் அது விட்டுப்போகும். “டாக்டர், இவங்க கண்ணு மஞ்சளா இருக்கற மாதிரி இருக்கு. உங்க படத்துல அது தெரியாது.” இவ்வளவுதான். சொல்லி முடிக்கப் பத்து விநாடி ஆகாது. நான் தையல்காரம்மாவின் கையில் சுற்றியிருந்த பிரஷர் பட்டையை அவிழ்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

போனில் பேசலாமே என்பாய். போனில் நீ அழுவாய், நான் இறங்கி வந்துவிடுவேன். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நடந்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன். அத்தானிடம் காட்டினாலும் சரி.

அத்தானின் நிறுவனத்தில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவள் நீ. ஆனால் நான் வேலை பார்க்கும் மையத்தை நீ ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. முன்பு ஜெராக்ஸ் கடையாக இருந்த அறை. நோயாளி பேசுவது தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று ஜன்னலை அடைத்துவிட்டார்கள். ஒரு மேஜை, ஒரு திரை, அதன் மேல் கேமரா, எடை பார்க்கும் கருவி, தலைக்கு மேல் ஒரே ஒரு குண்டு பல்பு. அந்த வெளிச்சத்தில் சுவர், நாற்காலி, மனிதர் எல்லாமே மஞ்சள். முன்னூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்க்கும் டாக்டர், படம் மஞ்சளாக வருகிறது என்று ஓயாமல் குறைப்பட்டார். வெள்ளை விளக்கு ஒன்று மாட்டித் தாருங்கள் என்று அத்தானுக்கு எழுதினேன். ஓர் ஏணி, அரை மணி நேர வேலை. பன்னிரண்டு மையத்துக்கும் ஆள் அனுப்பி விளக்கு மாட்டிக்கொண்டிருக்க முடியாது, மென்பொருளிலேயே சரிசெய்துவிடலாம் என்று பதில் வந்தது.

அடுத்த வாரமே, படத்திலிருந்து மஞ்சளை உறிஞ்சி எடுக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். எல்லாரும் பளிச்சென்று தெரிந்தார்கள். டாக்டர் பாராட்டினார். நானும் கைதட்டும் பொம்மை ஒன்றை அத்தானுக்கு அனுப்பினேன். அது இன்னும் என் போனில் இருக்கிறது.

இந்த வேலையை நான் வெறுக்கிறேன் என்று நினைக்காதே. வலிப்பு வரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்த ஒருத்தி, இப்போது நடந்து வந்து, டாக்டரிடம் பேசி, மருந்துச் சீட்டோடு பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போகிறாள். அதை நான் தினமும் பார்க்கிறேன். இவ்வளவு நல்ல காரியத்தை ஒரு விளக்குக்குச் சோம்பல்பட்டுக் கெடுத்தார்களே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

தையல்காரம்மாவை உனக்கு நினைவிருக்கும். நமக்குப் பள்ளிச் சீருடை தைத்தவர். வளரும் பிள்ளைகள் என்று பாவாடை விளிம்பில் நான்கு விரல் துணியை மடித்துவிட்டுத் தைப்பார். அவர் வந்தது இரண்டு முறை. முதல் முறை, பசியில்லை, உடம்பெல்லாம் அரிக்கிறது, மிஷினை மிதிக்கத் தெம்பில்லை என்றார். டாக்டர் சத்து மாத்திரை எழுதினார். இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வந்தார். கேமரா முன்னால் உட்காருவதென்றால் சும்மாவா, முகம் கழுவி, பவுடர் போட்டு, நல்ல புடவை கட்டி வந்திருந்தார். அளவு டேப்பை மட்டும் கழுத்திலிருந்து எடுக்க மறந்திருந்தார். திரையில் பார்த்தால் அந்த மஞ்சள் டேப் வெள்ளையாகத் தொங்கியது. “உங்க டேப்பையே வெளுத்துட்டாங்க பாருங்க” என்றேன். “டேப்ப வெளுத்து என்ன புண்ணியம், என்னையும் கொஞ்சம் வெளுத்துக் காட்டச் சொல்லு, இன்னொரு கல்யாணம் பண்ணிக்கறேன்” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். டாக்டர் கண் இமையைக் கீழே இழுத்துக் காட்டச் சொன்னார். இழுத்தது நான்தான். என் விரலுக்கு அரை அடி தூரத்தில் அந்தக் கண் மஞ்சளாக இருந்தது. அறையே மஞ்சளாக இருக்கும்போது கண் மட்டும் வேறு எப்படி இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் திரையில் கண் வெள்ளை வெளேரென்று இருந்தது. டாக்டரும் பயப்பட ஒன்றுமில்லை என்றார். படித்தவள் என்று பெயர் வாங்கிய நான், கண்ணை விட்டுவிட்டுத் திரையை நம்பினேன்.

முழுதாகவும் நம்பவில்லை. வாய் வரைக்கும் வந்தது. ஏன் நின்றது என்று உனக்கே தெரியும். அதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு வாட்ச்மேன் தாத்தா, மாத்திரையைத் தவறாமல் போடுவதாக டாக்டரிடம் சொன்னார். அவர் பையில் மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடப்பதைப் பார்த்து நான் குறுக்கே பேசினேன். டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. உதவியாளர்கள் பரிசோதனையின்போது பேசக் கூடாது என்று அத்தான் பன்னிரண்டு மையத்துக்கும் சுற்றறிக்கை விட்டார். நீ போன் செய்து, வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா, அவர் மானம் போகுது, கொஞ்சம் அடக்கி வாசி என்றாய். அம்மாவும் என் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். சரி, அடக்கி வாசித்தேன். அதன் பலனைக் கேள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் தையல்காரம்மா கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணி கொடுக்க வந்த ஒருத்தி, என்னக்கா கண்ணு ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாளாம். “டாக்டரே மிஷின்ல பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டார், நீ என்ன பெரிய டாக்டரா” என்று அவளை விரட்டிவிட்டாராம். கடைசியில் வெளியூரிலிருந்து வந்த மகள், வாசலில் வெயிலில் நிறுத்திப் பார்த்துவிட்டு, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கணையத்தில் கட்டி. பரவிவிட்டது. ஒரு மாசம் முந்தி வந்திருந்தா வெட்டி எடுக்கப் பாத்திருப்போமே என்று அங்கே ஒரு டாக்டர் சொன்னாராம். அந்த ஒரு மாதத்தில்தான் அவர் பவுடர் போட்டுக்கொண்டு நம் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

நான் பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இது: “எல்லாம் என் கிறுக்குத்தனம்மா. கேமரான்னு பவுடர அப்பிக்கிட்டு வந்தேன். பாவம் அந்த டாக்டருக்கு எப்படித் தெரியும்?” நான் அதற்கும் பதில் சொல்லவில்லை. மகள் பக்கத்தில் இருந்தாள். சொல்லாமல் வீட்டுக்கு வந்து, உனக்குப் போன் செய்து, பவுடர் மேல பழியப் போட்டுக்கறாங்க அக்கா, சிரிக்கறதா அழறதான்னு தெரியல என்று புலம்பினேன். என் அக்காவிடம் சொன்னேன். நிறுவன முதலாளியின் மனைவியிடம் இல்லை.

நாலாவது நாள் அத்தானிடமிருந்து காகிதம் வருகிறது. நோயாளி முகத்தில் ஒப்பனைப் பொடி பூசி வந்ததால் நிற மாற்றம் புலப்படவில்லை, உடனிருந்த உதவியாளராகிய நான் இதை நேரில் கண்டேன் என்று அதில் எழுதியிருந்தது. கீழே என் பெயர், கையெழுத்துக்குக் கோடு. அக்கா, கண்ணுக்குள்ளே யாராவது பவுடர் போடுவார்களா? இதை எழுதியவர் படித்தவர்தானே? ஒரு மனுஷி சாகப் படுத்துக்கொண்டு வெகுளித்தனமாகத் தன் மேலே போட்டுக்கொண்ட பழியை, அப்படியே எடுத்துத் தட்டச்சு செய்து அனுப்ப எப்படி மனது வந்தது? உன் ஒரு கையெழுத்துலதான் எங்க குடும்பமே நிக்குது என்று நீ எழுதிய துண்டுச் சீட்டும் அதே உறையில் இருந்தது. தையல்காரம்மாவுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. அந்த மகளுக்கு அப்பா இல்லை.

நான் கையெழுத்துப் போடமாட்டேன். நடந்ததை, நான் வாய் திறக்காததையும் சேர்த்து, நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். டாக்டருக்கும் அவருடைய ஆஸ்பத்திரிக்கும் வெள்ளிக்கிழமை அனுப்புவேன். அதற்கு முன்னால் அத்தான் அந்த மஞ்சள் உறிஞ்சும் ஏற்பாட்டைப் பன்னிரண்டு மையத்திலிருந்தும் எடுக்கட்டும். அது வந்த நாளிலிருந்து எங்கள் மையத்தில் மட்டும் இருநூற்றுப் பதினான்கு பேரைப் பார்த்திருக்கிறோம். பெயர்ப் பட்டியல் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு வெயிலில் நிறுத்திக் கண்ணைப் பார்க்க வேண்டும். மற்ற பதினொரு மையங்களை யார் கூப்பிடுவார்கள்?

இன்னும் ஒன்று. அத்தான் ஒரு முறை நேரில் வந்து, தப்பு பவுடரில் இல்லை என்று தையல்காரம்மாவிடம் சொல்லட்டும். அந்தப் பழியோடு அவர் போகக் கூடாது. இதை மட்டும் எனக்காகச் செய்ய வை, அக்கா. இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

சின்னவனுக்குப் பல் விழுந்த படம் பார்த்தேன். சிரிப்பு உன்னுடையதேதான். அவனுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். உடம்புக்கு ஏதாவது என்றால் வாசலுக்குக் கூட்டி வந்து வெளிச்சத்தில் பார்.

உன் மேல் கோபத்தோடும் அன்போடும்,
தங்கை.

*

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. வெள்ளிக்கிழமை என் அறிக்கையை அனுப்பினேன். திங்களன்று என்னை வேலையை விட்டு நிறுத்திய கடிதம் வந்தது. அதே நாள் எல்லா மையங்களிலும் மென்பொருளைப் புதுப்பித்திருக்கிறார்கள். கூடவே வந்த குறிப்பில் ‘சிறு திருத்தங்கள்’ என்று இருந்ததாம். படம் மறுபடியும் மஞ்சளாக வருகிறது என்று எனக்குப் பதிலாக வந்த பெண் சொன்னாள்.

அத்தான் வரவில்லை. செவ்வாய்க்கிழமை நானே ஆஸ்பத்திரிக்குப் போய், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பல்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். தையல்காரம்மா, “அப்ப நான் பவுடர் போட்டது தப்பில்ல, இல்ல?” என்று கேட்டார். இல்லை என்றேன். சாயங்காலம் மகளிடம் வீட்டிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து வரச் சொன்னாராம்.

வியாழக்கிழமை காலை இறந்துபோனார்.