பெரிய பாக்ஸுல போடச் சொல்லுங்க

சிகாகோ, ஜூலை 20

அன்புள்ள அப்பாவுக்கு, சுகாசினி எழுதுறது. கால் வீக்கம் வடிஞ்சுதா? நான் நல்லா இருக்கேன்பா.

நான் எழுதின ப்ளூஸ் பாட்டை போன்ல கேட்டுட்டு, "எல்லாம் கேக்குது, உன் கிடார் எங்கம்மா?"ன்னீங்க. பெரியப்பாவும் சிரிச்சாராம். நான் வாசிக்கிறது பேஸ் கிடார். அதோட கனமான கீழ்ஸ்தாயிச் சத்தம் சின்ன போன்ல வராது. இங்க ரெக்கார்டிங்லயும் ஒருத்தர் அதைக் குறைக்கப் பார்த்தார். குறைச்சா பாட்டே கிடையாதுன்னுட்டேன். அவர் குறைக்கல.

ஆடிக் கூழுக்கு நம்ம தெருமுனையில மாணிக்கவேல் அண்ணன் ஸ்பீக்கர் கட்டுவாரில்ல, அந்தப் பெரிய பாக்ஸுல இதைப் போடச் சொல்லுங்க. பெரியப்பாவையும் கூப்பிடுங்க. கேட்டுட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, நீளமாவே பேசுங்க. தமிழ்ப் பேச்சு கேட்டு நாளாச்சு.

பஸ் வந்துக்கினு இருக்குது, முடிக்கிறேன். பாட்டு போட்டதும் நம்ம வீட்டு அலமாரியில எவர்சில்வர் டம்ளரெல்லாம் அதிரும். அது நான்தான்.

சுகாசினி